மணமுள்ள ரோஜாவும் மண்தொட்டியும்

காவிரி ஒரு புறமும் கொள்ளிடம் மறு புறமும் ஓட, நடுவே அமைந்த தீவில் திருவரங்கமும் திருவானைக்காவலும் அடுத்தடுத்து விளங்குகின்றன. இரண்டும் நீரும் பூவும் மலிந்த ஊர்கள். திருவானைக்காவலில் இறைவன் அப்புலிங்கமாக, அதாவது நீரின் வடிவாக, எழுந்தருளியுள்ளான் என்பர். கருவறையிலே நீர் ஊறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். துதிக்கையில் நீரும் பூவும் கொணர்ந்து யானை வழிபட்ட தலம் என்பது அவ்வூர்ப் புராணம். திருவரங்கத்திலோ தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வளர்த்து மாலை கட்டும் தொண்டினை மேற்கொண்டார் என்று கூறுவர். அவ்வூரின் சாத்தார வீதி மலர் வாணிபத்துக்குப் பேர்பெற்றது.

இத்தகைய ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குப் பூவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல வேண்டுவது ஒன்று உண்டு. பழைய வீடுகளில் திண்ணை, முற்றம், கொல்லை என்று இடம் இருந்தது. கொல்லையிலே கிணறும் நான்கைந்து பூச்செடிகளும் இருந்தன. இன்று அவ்வீடுகள் பலவும் அடுக்குமாடிக் கட்டடங்களாக மாறிவிட்டன. நிலம் என்று நமக்கு எஞ்சியிருப்பது மாடிமுகப்பில் நான்கு சாண், அல்லது மொட்டைமாடியில் ஒரு மூலை. அந்த இடத்தில் மணமுள்ள ரோஜாச்செடி ஒன்றை வளர்த்து ஆண்டு முழுவதும் பூக்கச் செய்ய இயலுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். இயலும் என்பதே என் விடை. ஆனால் சில உண்மைகளை அறிந்துகொண்டால்தான் இயலும்.

பலர் ரோஜாச்செடி வாங்குகிறார்கள். வாங்கும்போது அதில் கண்ணைப் பறிக்கும் பூ ஒன்று இருக்கிறது. இரண்டு திங்களில் இலை உதிர்கிறது; சித்திரை வெயிலில் கிளை கருகுகிறது; ஆனியில் தொட்டி வெறுமையாகிறது. “எனக்குக் கைராசி இல்லை” என்று சொல்லி அவர்கள் அம்முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். நண்பர்களே, செடி வளர்ப்பதில் கைராசி என்று ஒன்று கிடையாது. செடி மடிந்ததற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தைக் கண்டறியவும் முடியும். காரணம் தேடுவதை விட்டு ராசியின்மேல் பழி போடுவது கற்றவர்க்கு அழகன்று.

முதற் காரணம் செடியின் பிறப்பிலேயே இருக்கிறது. ரோஜா நம் நாட்டுப் பழம் பூவன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் வருகின்றன. காந்தள் உண்டு, குறிஞ்சி உண்டு, தாழை உண்டு, ரோஜா இல்லை. ரோஜா என்னும் சொல்லும் தமிழன்று. அதன் நீரைப் பன்னீர் என்றும், அதன் பூவைப் பன்னீர்ப்பூ என்றும் நம்மவர் அழைத்து அதைத் தம் திருமணப் பந்தல் வரையில் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டார்கள். வந்த பூ நம் பூவாயிற்று. ஆனால் எல்லா ரோஜாவும் அவ்வாறு நம் வெயிலோடு உறவாடவில்லை.

இன்று கடையில் காணும் நெடுங்காம்பு ரோஜாக்களில் மிகுதியானவை ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருபவை. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு குளிர்ந்திருக்கும், அங்கும் பசுமைக்குடிலின் காப்பிலேதான் அவற்றை வளர்க்கிறார்கள். அக்குலத்துச் செடியைத் திருச்சியின் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தால், மே மாதத்தில் 38, 40 பாகை வெப்பத்தை அது எவ்வாறு தாங்கும்? மலைநாட்டு விருந்தினனைப் பாலைவனத்தில் நிறுத்திவிட்டு, “ஏன் வாடினாய்?” என்று கேட்பது போன்றது அது.

அப்படியானால் நம் வெயிலையும் ஈரக்காற்றையும் தாங்கி, மணமும் தந்து, தொட்டியிலும் அடங்கும் ரோஜா எது? நம் ஊர்களில் பலரும் நாட்டு ரோஜா என்றும், பன்னீர் ரோஜா என்றும், எட்வர்டு ரோஜா என்றும் அழைக்கும் இளஞ்சிவப்பு ரோஜாவே அது. இதற்கும் வடநாட்டுப் பன்னீர் ரோஜாவுக்கும் வேறுபாடு உண்டு. கன்னோஜ், காஜிப்பூர் முதலிய இடங்களில் பன்னீரும் அத்தரும் காய்ச்சுவதற்குப் பயன்படும் தமாஸ்க் ரோஜா, பங்குனியை ஒட்டிய சில வாரங்களில் பூத்து ஓய்ந்துவிடும். நம் ஊர் எட்வர்டு ரோஜாவோ திங்கள்தோறும் பூக்கும். கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கக்கூடும். ஆகவே பெயரை நம்பாமல், எப்போதெல்லாம் பூக்கிறது என்று கேட்டறிவதே நல்லது.

இந்த எட்வர்டு யார்? இங்கிலாந்து மன்னர் என்று எண்ணிவிடாதீர்கள். இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரெயூனியன் என்று ஒரு சிறு தீவு உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட அத்தீவுக்கு முன்னாளில் பூர்போன் என்பது பெயர். அங்கே தோட்டங்களுக்கு வேலியாக இருவகை ரோஜாக்களைக் கலந்து நட்டார்கள். ஒன்று சீனத்திலிருந்து வந்தது; மணம் குறைவு, ஆனால் ஓயாமல் பூப்பது. மற்றொன்று தமாஸ்க் ரோஜா, மணம் மிகுதி. மனிதர் கைபடாமல், வண்டும் காற்றும் கூட்டிவைத்த உறவில், அவ்விரண்டுக்கும் பிறந்த செடி ஒன்று வேலிக்குள்ளே முளைத்தது. தாயின் ஓயாத பூப்பும் தந்தையின் மணமும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன.

1817-இல் அத்தீவின் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த பிரெயோன் என்பவர் இச்செடியின் சிறப்பை உணர்ந்தார். அதன் விதையைப் பாரிசுக்கு அனுப்பினார். அங்கே ஓர்லியன் கோமகனின் தோட்டத்தைப் பார்த்துவந்த ழாக் என்பவர் அதனை முளைக்கவைத்தார். ஐரோப்பாவின் ‘பூர்போன் ரோஜா’ என்னும் பெருங்குடும்பம் அவ்வாறு தோன்றியது. அத்தீவினர் அதற்கு வழங்கிய ‘ரோஸ் எதுவார்’ என்ற பெயரே இந்தியாவில் எட்வர்டு ஆயிற்று என்று தோட்டக்கலை நூலோர் கூறுவர்.

இதில் நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் பலர் கரும்புத் தோட்ட வேலைக்காக அதே தீவுக்குக் கப்பலேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். நம் மக்கள் சென்ற தீவிலிருந்து ஒரு பூ நம்மிடம் வந்திருக்கிறது. அது வெப்பமும் மழையும் கடற்காற்றும் நிறைந்த தீவிலே தானாகப் பிறந்த பூ. ஆகவேதான் அது குளிர்நாட்டுச் செடிகளைப் போலன்றி நம் சமவெளியிலும் கடற்கரையிலும் தளராமல் நிற்கிறது.

ரோஜா ஏன் ஓயாமல் பூக்கிறது, ஏன் மணக்கிறது என்பன வெறும் வியப்பாக நின்றுவிடவில்லை. இன்றைய அறிவியல் அவற்றுக்கு விடை கண்டிருக்கிறது. பூத்தலை அடக்கிவைக்கும் மரபணு ஒன்று ரோஜாவில் உண்டு. ஆண்டுக்கொருமுறை பூக்கும் செடிகளில், உரிய பருவம் நீங்கியபின் அது பூப்பைத் தடுத்துவிடும். சீன ரோஜாவில் அம்மரபணுவின் நடுவே வேறொரு துண்டு புகுந்து அதனைச் செயலற்றதாக்கிவிட்டது என்று 2012-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. தடுப்பார் இல்லாமையால் அச்செடி பூத்துக்கொண்டே இருக்கிறது. ‘ஓல்டு பிளஷ்’ என்னும் அப்பழைய சீன ரோஜாவின் மரபணுத் தொகுதி முழுவதும் 2018-இல் படித்தறியப்பட்டது. நம் எட்வர்டு ரோஜாவின் முன்னோர் அச்செடியே என்பது பலர் கருத்து.

மணத்தின் கதை இன்னும் சுவையானது. ரோஜா மணத்தில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்று ஜெரானியால். 2015-இல் பிரெஞ்சு அறிஞர்கள் மணமுள்ள ‘பாப்பா மெய்யான்’ என்ற ரோஜாவையும் மணம் குறைந்த ‘ரூஜ் மெய்யான்’ என்ற ரோஜாவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஜெரானியால் உண்டாவதற்கு வேண்டிய நொதி ஒன்று முன்னதில் நன்கு தொழிற்படுவதையும் பின்னதில் அடங்கிக் கிடப்பதையும் கண்டார்கள். மணம் எங்கோ மாயமாக மறையவில்லை. நெடுங்காம்பு, நாள்பட வாடாமை, பெட்டியில் அடைத்து அனுப்பினாலும் கெடாத இதழ் ஆகியவற்றையே மனிதர்கள் தேர்ந்தெடுத்து வந்தார்கள். மணத்தை அவர்கள் தேர்வில் சேர்க்கவில்லை. சேர்க்காதது தலைமுறைதோறும் நழுவிற்று.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். கண்ணுக்குத் தெரிவதையே கேட்டு வாங்கும் சந்தையில், கண்ணுக்குத் தெரியாத நன்மைக்கு விலை இல்லாமற் போகிறது. யாரும் கேட்காத நன்மையை யாரும் வளர்ப்பதில்லை. ரோஜா என்றால் சிவப்பு என்று அறிந்து, அதன் மணம் இன்னதென்று அறியாத தலைமுறை ஒன்று உருவாகுமாயின், அதற்குக் குற்றவாளி என்று எவரையும் சுட்ட இயலாது. அதைத் தடுப்பவர்களை மட்டுமே சுட்ட இயலும். ஒரு வீட்டில் ஒரு மணமுள்ள செடி இருந்தால் போதும். அதன் குச்சியிலிருந்து பத்து வீடுகளுக்குச் செடி செல்லும்.

வெப்பநாட்டுக்கு உரிய ரோஜாவை ஆராய்ந்து உருவாக்க நம் நாட்டினரும் முயன்றிருக்கின்றனர். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக விளங்கிய அறிஞர் பி. பி. பால், கோதுமை ஆராய்ச்சியில் புகழ்பெற்றவர். அவரே இந்தியாவில் ரோஜா வளர்ப்பைப் பற்றி விரிவான நூல் எழுதியவரும், புதிய ரோஜா வகைகள் பலவற்றை உண்டாக்கியவரும் ஆவார். இந்திய ஆட்சிப் பணியில் இருந்த எம். எஸ். வீரராகவன் கொடைக்கானலில் அமர்ந்து, வங்கத்தின் ஈரநிலங்களில் இயற்கையாக வளரும் ‘ரோசா கிளினோபில்லா’ என்னும் காட்டு ரோஜாவைப் பயன்படுத்தி வெப்பம் தாங்கும் புதிய வகைகளை உருவாக்கினார். நீரில் நின்றும் அழுகாத ரோஜா ஒன்று நம் நாட்டிலேயே இருக்கும்போது, குளிர்நாட்டுச் செடியையே நம்பியிருப்பானேன் என்பது அவர் முயற்சியின் அடிப்படை.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது, செடியை வாங்குவதைவிடக் குச்சியிலிருந்து உண்டாக்குவது மேல். கடையில் விற்கும் ரோஜாக்களில் பல ஒட்டுச்செடிகள். மேலே ஒரு குலம், வேர் வேறொரு குலம். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் முளை, மேற்செடியின் உணவை உண்டுவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் ஒட்டுக் கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பயன்படுவனவற்றுள் எட்வர்டு ரோஜாவும் ஒன்று. விலை உயர்ந்த மேற்செடி வெயிலில் மடிந்த பிறகு, தொட்டியில் வேறு ஏதோ ரோஜா தழைத்து மணமுள்ள சிறு பூ பூப்பதைச் சிலர் கண்டிருப்பார்கள். அரசி மாண்ட பின்னர் அவளைத் தாங்கிய தோழி எழுந்து நின்றாள் என்றே அதைக் கொள்ளலாம்.

மழைக்காலத்தின் கனம் தணிந்த கார்த்திகை முதல் தை வரையில் குச்சி நடலாம். பூத்து முடிந்த, முற்றிய கிளையிலிருந்து, எழுதுகோல் பருமனும் ஆறு முதல் எட்டு அங்குல நீளமும் உள்ள துண்டை வெட்டுங்கள். கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். இலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு, மணல் மிகுந்த கலவையில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஈரம் காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது. ஐந்தாறு வாரங்களில் வேர் பிடிக்கும். துளிர் கண்டதும் வேர் வந்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டே முதல் துளிர் வருவதுண்டு. பத்துக் குச்சி நட்டு ஆறு பிழைத்தாலும் வெற்றியே.

தொட்டி மண்தொட்டியாக இருத்தல் நலம். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும். அதனால் வேர் குளிர்ந்திருக்கும். கோடைப் பானையில் நீர் குளிர்வதும் இந்தக் காரணத்தாலேதான். வாயும் ஆழமும் ஓர் அடிக்குக் குறையக் கூடாது. வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடித்தால் வெயில் தெறித்துப் போகும். அடித்துளையின்மேல் வளைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். அடியில் அரையடிக்குக் கல் நிரப்ப வேண்டுவதில்லை. கல் நிரப்பினால் வேருக்குரிய மண் குறைகிறதேயன்றி, நீர் விரைந்து வடிவதில்லை.

மண்ணைப் பற்றித் திருவானைக்காவல் வாசிகளுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் மண் ஆற்று வண்டல். வாழையும் வெற்றிலையும் அதில் செழிக்கும். ஆனால் அதே மண்ணைத் தனியே தொட்டியில் இட்டால் செடி திணறிப்போகும். நிலத்தில் பெய்த நீரைக் கீழேயுள்ள மண் இழுத்துக்கொள்ளும். தொட்டிக்குக் கீழே மண் இல்லை. நுண்ணிய வண்டலின் இடுக்குகளில் நீர் தங்கிவிடும். வேருக்கு வேண்டிய காற்று இல்லாமற் போகும். ஆகவே செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். வளமான மண் எங்கும் வளமான மண்ணாகவே இருக்கும் என்று எண்ணுவது பிழை. இடம் மாறினால் நன்மையும் தீமையாகும்.

அடுத்தது வெயில். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேர வெயில் வேண்டும். காலை வெயிலே சிறந்தது. பூகோளம் படித்த மாணவர்கள் இதைக் கணக்கிடலாம். திருச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகலில் கதிரவன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறான். அதன் பின் ஆகஸ்டு நான்காம் வாரம் வரையில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. மற்றத் திங்களில் தெற்கிலிருந்து விழுகிறது. ஆகவே வடக்கு நோக்கிய மாடிமுகப்பில் ஆனியில் வெயில் உண்டு, மார்கழியில் இல்லை. தெற்கு நோக்கியதில் இதற்கு மாறாக இருக்கும். தொட்டியின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. நிலத்துச் செடி வெயிலுக்காகக் காத்திருக்கும். தொட்டிச் செடியை நாம் வெயில் இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்லலாம். சித்திரை, வைகாசியில் மட்டும் பிற்பகல் வெயில் படாமல் ஒரு தட்டியோ துணியோ கட்டுங்கள்.

இதனைக் கேட்கும் மாணவர்களில் நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய கடற்கரை ஊர்களில் வாழ்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு வெயிலைவிடப் பெரிய பகை உப்பு. ரோஜா உப்பைத் தாங்காத செடி. இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பேறினால், நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் கிணற்று நீரையே ஊற்றுவார்கள். அந்த நீரிலேதான் உப்பு இருக்கிறது. நீர் ஆவியாகிப் போகும். உப்பு தொட்டியிலேயே தங்கும். நாள்தோறும் சிறிது சிறிதாக அது சேரும். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் அந்த உப்பே.

உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தாலும் வேர் அதை உறிஞ்ச முடியாது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை உப்புக் கரைசலிலும் மற்றொன்றை நல்ல நீரிலும் ஒரு மணி நேரம் இட்டு வையுங்கள். உப்பில் கிடந்த துண்டு துவண்டுபோகும். நீருக்குள் இருந்துகொண்டே நீரை இழந்துவிடும். ரோஜாவின் வேருக்கு நேர்வதும் இதுவே. பரிகாரம் எளியது. மழைநீரைப் பிடித்து வையுங்கள். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழாயின் கீழே ஒரு பீப்பாய் வைப்பது அரிய செயலன்று. மாதம் ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு பங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டால் தங்கிய உப்பு கரைந்து வெளியேறும். கடற்காற்று மிகும் நாட்களில் விடியற்காலையில் இலைகளையும் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். தேங்காய்நார்க் கழிவைத் தொட்டியில் கலப்பவர்கள் அதையும் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே கலக்க வேண்டும். அதிலும் உப்பு உண்டு.

எட்வர்டு ரோஜா நிலத்தில் ஆளுயரம் வளரக்கூடியது. அதைத் தொட்டிக்குள் அடக்குவது கவாத்து. மழை ஓய்ந்ததும், செடியின் உயரத்தில் பாதியை வெட்டுங்கள். காய்ந்ததும் நோயுற்றதும் உள்நோக்கி வளர்வதுமான கிளைகளை அடியோடு நீக்குங்கள். வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக, கூரிய கத்தரியால் வெட்ட வேண்டும். நைந்த வெட்டின் வழியே நுனிக்கருகல் நோய் இறங்கும். பூ வாடியவுடன் அதைக் காம்போடு கிள்ளிவிட்டால் அடுத்த பூ விரைவில் வரும். இரக்கத்தால் கத்தரியைக் கையிலெடுக்காதவர் செடிக்கு நன்மை செய்தவர் ஆகார். புதிய கிளையிலேதான் புதிய பூ.

உணவுக்குக் கடலைப்பிண்ணாக்கை மூன்று நாள் நீரில் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு நீர் கலந்து, பதினைந்து நாளுக்கொருமுறை ஊற்றினால் போதும். பூச்சிகளில், மொட்டைச் சுருக்கும் இலைப்பேனும், கோடையில் இலையின் அடிப்புறத்தில் வலை பின்னும் செஞ்சிலந்தியும், கிளையில் ஒட்டும் மாவுப்பூச்சியும் முக்கியமானவை. ஒரு லிட்டர் நீரில் மூன்று மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். ஐப்பசி மழையில் இலைமேல் கரும்புள்ளி தோன்றினால், அவ்விலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்காமல் காற்றோட்டமாக வையுங்கள். இலையில் ஈரம் இரவு முழுவதும் தங்குவதாலேயே அந்நோய் பரவுகிறது. ஆகவே நீரை வேருக்கு ஊற்ற வேண்டும். இலையைக் கழுவுவதாயின் விடியலில் கழுவ வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு செடி மடியாதா என்று கேட்டால், மடியவும் கூடும். ஆனால் இப்போது உங்களிடம் கேள்விகள் இருக்கும். வேர் அழுகியதா, உப்பு சேர்ந்ததா, வெயில் குறைந்ததா, வெட்டு நைந்ததா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். மண்ணைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கருத்துக் குழைந்திருந்தால் நீர் மிகுந்தது. உலர்ந்து முறிந்தால் நீர் குறைந்தது. மடிந்த செடியும் இவ்வாறு ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டே செல்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலையும் தர விரும்புகிறேன். பூத்த நாளன்று காலை ஆறு மணி, ஒன்பது மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய நான்கு வேளைகளில் பூவை முகர்ந்து, மணம் மிகுதியா குறைவா என்று ஏட்டில் எழுதுங்கள். அன்றைய வெப்பத்தையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு திங்கள் எழுதினால், வடநாட்டில் அத்தர் காய்ச்சுவோர் ஏன் விடியலிலேயே பூப்பறிக்கிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேற்பட்ட இதழ் வேண்டும். அவ்வளவு அருமையான பொருளை வெயில் ஏறும் வரையில் விட்டுவைப்பார்களா? தோழர் ஒருவர் வீட்டில் மணமில்லாத ரோஜா இருந்தால், இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பூவைக் கண்ணால் மட்டும் மதிப்பிடும் பழக்கம் அன்றோடு நீங்கும்.

தோட்டம் என்றால் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும் என்பதில்லை. ஓர் அடித் தொட்டியில் மண்ணின் இயல்பும் நீரின் இயல்பும் கதிரவன் செல்லும் வழியும் அடங்கியிருக்கின்றன. இந்துமாக்கடல் தீவு ஒன்றின் வேலியில் எவரும் நடாமல் முளைத்த செடி, மணமும் உறுதியும் கொண்டிருந்த காரணத்தால், கைமாறிக் கைமாறி நம் ஊர் வரையில் வந்து சேர்ந்தது. அதை அடுத்தவர் கைக்குக் கொடுக்க வேண்டிய முறை இப்போது நம்முடையது. இந்தக் கார்த்திகையில் பத்துக் குச்சி நடுங்கள். பிழைத்தவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அண்டை வீட்டாருக்கும் பள்ளித் தோழருக்கும் அளியுங்கள். கொடுக்கும்போது, உப்பு நீர் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள்.